பிழையில் நம் பங்கு

சென்ற மாதம் ஓர் இரவு, இஷா தொழுகைக்குப் பின் ஜமாஅத்தார் கலைந்து சென்ற வேளையில் ஒரு சகோதரர் நம்மருகே வந்து அமர்ந்தார். நமது விருத்தாசலத்தில் தயாராகும் பீங்கான் சாமான்களை வெளியூர்களுக்கு ஏற்றிச் செல்லும் லாரியோட்டி அவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஹஜ்ரத், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கில்லாமல் ரோட்டில் நின்றது. எனக்கு முன்னால் போன வேன்காரர் அதைக் கண்டு சடாரென்று பிரேக் போட்டார். நான் வேனில் மோதிவிட்டேன். அவருக்குக் கால் முறிந்துவிட்டது. அந்த நேரம் என் கண் கைப்பேசியில் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. நான் அதைச் சொல்லத்தான் வேண்டுமா?"

அன்பிற்குரிய வாசகர்களே! இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

பலர் சேர்ந்து விளைவித்த சேதத்தைப் பங்கிடுவது நமது ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. இரு குதிரைவீரர்கள் தவறுதலாக மோதி இருவரும் மாண்டால், ஒவ்வொருவரின் தியத்திலும் பாதியை மற்றவரின் ஆகிலா செலுத்த வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மறுபாதி, மாண்டவரின் சொந்தச் செயலுக்காகக் கழிந்துவிடும். ஹனஃபீ மத்ஹபில் முழுத் தியத்தும் கடமையாகும்.

யமன் நாட்டில் நடந்த ஒரு வழக்கை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். சிங்கம் விழுந்திருந்த குழியைச் சூழ்ந்து மக்கள் நெருக்கியடித்தபோது ஒருவர் தவறி விழுந்தார். அவர் மற்றொருவரைப் பற்ற, அவர் மூன்றாமவரைப் பற்ற, அவர் நான்காமவரைப் பற்ற, நால்வரும் மாண்டனர். உறவினர் ஆயுதம் ஏந்தும் நிலை வந்தது. அலீ (ரலி) அவர்கள் முதல்வருக்குக் கால், இரண்டாமவருக்கு மூன்றிலொன்று, மூன்றாமவருக்குப் பாதி, நான்காமவருக்கு முழுத் தியத் எனத் தீர்ப்பளித்தார்கள். யாரையும் இழுக்காதவருக்கு முழுமை. பிறரை இழுத்தவருக்கு அதற்கேற்பக் குறைவு. நபி (ஸல்) அவர்கள் அத்தீர்ப்பை அங்கீகரித்ததாக அறிவிக்கப்படுகிறது.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வாறே பங்கிடுகின்றன. கோவையில் 2017-ல் முன்சென்ற கார் திடீரென நின்றது. பின்வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதியது. கீழே விழுந்த மாணவர் மீது பஸ் ஏறி அவர் ஒரு காலை இழந்தார். கார்க்காரர் மீது பிழையில்லை என்றது தீர்ப்பாயம். 2025-ல் உச்ச நீதிமன்றமோ, முன்னறிவிப்பின்றிக் காரை நிறுத்தியவர் மீது 50 சதவீதம், பஸ் ஓட்டுநர் மீது 30, போதிய இடைவெளி விடாத மாணவர் மீது 20 எனப் பிழையைப் பிரித்தது. சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டில் மாணவரின் பங்கான 20 சதவீதம் கழிக்கப்பட்டது.

இங்கேதான் நமது சகோதரர் கவனிக்க வேண்டும். அவர் மறைக்கும் பங்கு காற்றில் கரைந்துவிடாது. அதில் ஒரு பகுதி கால் முறிந்து கிடக்கும் வேன்காரரின் தலையில் ஏறும். அவருக்குச் சேரவேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். அது அடியானின் ஹக். அதை அடியான் மன்னிக்காதவரை தவ்பா நிறைவுறாது.

நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி நிற்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135). வாக்குச் சாதுரியத்தால் பிறர் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றவர் பெறுவது நெருப்புத் துண்டே என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனில், தீர்ப்பாயத்தின் தீர்ப்பு எப்படி ஆக்கும்?

உண்மை சொல்வதால் அவருக்குச் சிரமம் வரலாம். லைசென்சுக்கே ஆபத்து நேரலாம். அதை நாம் இலேசாகக் கருதவில்லை. வக்கீலைக் கலந்துகொள்ளட்டும். டிராக்டர்காரர் பிழையையும் எடுத்துரைக்கட்டும், அதுவும் உண்மையே. தம் பிழையை மட்டும் விழுங்கிவிட வேண்டாம்.

இவற்றைக் கேட்ட சகோதரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருவீர்களா ஹஜ்ரத்?" என்றார். சென்றோம். கட்டிலருகே நின்று தம் வாயாலேயே அனைத்தையும் சொன்னார்.

தராசு நிறுத்தப்படும் நாளுக்கு முன்பே நம் பங்கை நாமே நிறுத்துப் பார்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.