துயில்வோனின் கை

மருதமுனையின் நெசவாளி ஒருவர் வயிற்று நோய்க்குச் சத்திரசிகிச்சை பெறுகின்றார் எனக் கொள்க. நோய் தீர்கின்றது, உயிரும் பிழைக்கின்றது. ஆயின், கண் விழித்தபோது தறியை இயக்கிய வலக்கையின் மணிக்கட்டை அவரால் உயர்த்த இயலவில்லை. கத்தி தொடாத அக்கைக்கு நேர்ந்தது யாது?

மேற்கையில் சுற்றியிருந்த குருதியமுக்கப் பட்டியே காரணமாகலாம். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி இப்பட்டியை அமைத்தார். 1901இல் அதனை அங்கு கண்ட ஹார்வி குஷிங், அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று சத்திரசிகிச்சையிற் பயன்படுத்தத் தூண்டினார். அது காத்த உயிர்கள் எண்ணற்றவை. எனினும், இறுகுந்தோறும் அது எலும்பையொட்டிச் செல்லும் நரம்புகளையும் அழுத்துகின்றது. நெடுநேரம் அடிக்கடி இறுகினாலும், முழங்கையை நெருங்கிக் கட்டப்பட்டாலும் நரம்பு நலிவுறலாம். இஃது அரிது, பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கிவிடும்.

அரிதாகையாலும், எவரும் தீங்கு கருதாமையாலும், இதிற் குற்றம் இல்லை என்பர். குற்றம் இல்லாதிருக்கலாம், பொறுப்பும் இல்லை என்பது அதனாற் பெறப்படுமா? விழித்திருப்பவன் கை நோகும்போது “உம்மா” என்று அலறுவான். மயக்கத்தில் ஆழ்ந்தவனோ அவ்வலறலையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டான். கல்முனைக் கரையோர மக்கள் இத்தகைய ஒப்படைப்பை அமானிதம் என்பர். அமானிதம் பெற்றவனிடம், “நீ கவர்ந்தாயா?” என்று மட்டும் கேட்பதில்லை, “நீ காத்தாயா?” என்றே கேட்பர்.

காத்தலாவது, கையின் பருமனுக்கேற்ற பட்டியைத் தெரிதல்; முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே கட்டுதல்; தேவைக்கு மேல் அடிக்கடி இறுகவிடாமை; இடையிடையே கையைப் பார்த்தல். இவற்றின் பின்னரும் தீங்கு நேரின், அதனை மறையாது உரைத்தலும், கை தேறும்வரை உடனிருந்து கவனித்தலும் கடனாகும். நேர்ந்தது விபத்து; மறைத்தலோ தீவினை.

இக்கடன் வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. உண்மை உரைத்தவரை உடனே தண்டிக்க விழையும் சமுதாயம் மௌனத்தையே வளர்க்கும். உரைப்பவர் அஞ்சாதிருக்கவும், இழந்தவர் கைவிடப்படாதிருக்கவும் வழி செய்வது சமுதாயத்தின் பங்கு. துயில்வோன் ஒருவனின் கை, விழித்திருப்போர் அனைவரின் அறத்தையும் அளக்கும் கருவியாகின்றது.