கட்டு: காயத்திற்கா, கைகளுக்கா?

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே தறிகள் ஓடுகின்றன. அங்கே நெய்யப்படுவது பட்டு அன்று. பகட்டுச் சேலையும் அன்று. காயத்தின்மேல் சுற்றும் கட்டுத்துணி! எங்கோ ஒரு மருத்துவமனையில், யாரோ ஒருவருடைய குருதியை நிறுத்த, இங்குள்ள நெசவாளியின் கை இழை கோக்கிறது. அடிபட்டவன் எந்தச் சாதி, எந்த ஊர் என்று அந்தத் துணி கேட்பதில்லை.

காயத்திற்குக் கட்டு நெய்யும் இதே நாட்டிலேதான், மனம் நொந்த மனிதனின் காலுக்கும் ஒரு கட்டுப் போட்டோம். அது நூலால் ஆனதன்று, இரும்பால் ஆனது!

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த தனியார் விடுதியின் கொட்டகை தீப்பற்றியது. ஓடினால் பிழைக்கலாம், ஓடக் கால் வேண்டும், காலிலோ சங்கிலி! 28 உயிர்கள் மாண்டன.

மனநோயாளியைக் கட்டிப்போடுவோரை ஏன் என்று கேளுங்கள். "அவன் நன்மைக்காகத்தான்" என்பார்கள். நன்மை செய்வதாகச் சொல்லி ஒருவனுடைய உரிமையைப் பறிக்கலாமா? இதுவே நம் முன் நிற்கும் அறக்கேள்வி.

"கூடாது" என்று மேடையிலே முழங்குவது எளிது. நள்ளிரவில், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கு அது அவ்வளவு எளிதன்று. அச்சம் தலைக்கேறிய இளைஞன் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ள முற்பட்டால்? பெற்ற தாயின்மீதே பாய்ந்தால்? வேடிக்கை பார்ப்பது உரிமையைப் போற்றுவதாகுமா?

மனநலச் செவிலியம் இதற்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. முதலில் கூட்டத்தை விலக்கு, குரலைத் தாழ்த்து, எட்ட நின்று பேசு, எதற்கு அஞ்சுகிறான் என்று கேள். உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்திற்குமேல் ஒரு நொடியும் நீடிக்காமல், அவனைக் கட்டுப்படுத்தலாம். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்பதை எழுதிவைக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக்கூடாது, ஆள் போதவில்லை என்பதற்காகவும் செய்யக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதும் இதுவே. சங்கிலியையோ அது எவ்வகையிலும் அடியோடு தடை செய்துவிட்டது.

சங்கிலியை அறுத்த வரலாற்றில் பினெல் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயர் ஓங்கி ஒலிக்கிறது. ஆனால், 1797-இல் பாரிசு நகரின் பிசேத்ர் விடுதியில் இரும்புச் சங்கிலிகளை அகற்றியவர் புய்சேன் என்பவர். மருத்துவப் பட்டம் பெறாதவர். கண்டமாலை நோய்க்காக அங்கே வந்து, பின்னர் அங்கேயே பணியாளரானவர். பட்டம் காணாததைப் பக்கத்திலே இருந்தவன் கண்டான்!

தோழர்களே! இதுவரை பிறரைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்போம்.

"என் காதிலே கருப்பன் பேசுகிறான்" என்கிறான் ஒருவன். உறவினர் பூசாரியிடம் இழுத்துச் செல்கிறார்கள். பகுத்தறிவு பேசும் நாமோ, "கருப்பனாவது, பேசுவதாவது!" என்று சிரிக்கிறோம். உடுக்கையும் அவன் சொல்லைக் கேட்கவில்லை. நம் நகைப்பும் கேட்கவில்லை. வாதிட்டு வெல்லக்கூடிய மூடநம்பிக்கை அன்று அது, நோய். வாதம் வளர்ந்தால் அவன் நம்பிக்கை இறுகும். நம்மீது கொண்ட நம்பிக்கை உடையும்.

தேர்ந்த செவிலியர் என்ன சொல்வார்? "அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஆனால், அது உங்களை அச்சுறுத்துகிறது என்பது தெரிகிறது. நான் அருகிலேயே இருக்கிறேன்." இதிலே பொய்யும் இல்லை, இழிவும் இல்லை. உண்மையை விட்டுக்கொடுக்காமல் மனிதனைக் காக்கும் பகுத்தறிவு இது! செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே நோய் தீர்க்கும் ஆற்றல் உடையது என்பதை அமெரிக்கச் செவிலியர் பெப்லாவ் 1952-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

அந்த உறவின் உயிர்நாடி இரகசியம் காத்தல். மூத்தவளுக்கு மனநோய் என்ற செய்தி கசிந்தால், இளையவளின் திருமணம் நின்றுவிடும் ஊர்கள் நம்முடையவை. ஆகவே நோயாளியின் சொல் வாயிற்படி தாண்டக்கூடாது. ஆனால், "சாகப்போகிறேன்" என்று அவர் சொன்னால், மருத்துவரிடம் அதை மறைப்பது இரகசியம் காப்பதாகாது, உயிரைக் கைவிடுவதாகும்.

அண்டையிலுள்ள திருவில்லிபுத்தூரிலே ஆடிப்பூரத்தன்று ஆயிரமாயிரம் கைகள் வடம் பிடித்துத் தேரை இழுக்கின்றன. நகராத மரத்தேரை நகர்த்த அத்தனை கைகள்! நடக்கத் தடுமாறும் ஒரு மனிதனைத் தாங்க இரண்டு கைகள் கிடைக்கமாட்டாவா?

அந்தக் கைகள் நம்முடையவையாகட்டும். தெருவிலே ஒருவன் தனக்குத்தானே பேசிச் சென்றால், "பைத்தியம்" என்னாதீர். அவன் பெயரைக் கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். மருந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி, கட்டணமின்றி, இரவு பகலாகக் கிடைக்கிறது. அதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

சத்திரப்பட்டித் துணிக்குத் தெரிந்த அறம் நமக்குத் தெரியாதா? கட்டு, காயத்தை மூடுவதற்கு, மனிதனை முடக்குவதற்கன்று!