காட்டுத் தோழனும் நகரத்துக் கூரையும்

காட்சியழகுக்காகவே ஒரு திரைப்படத்தைக் கண்டு மகிழ்வது தாழ்ந்த சுவை என்று கருதுவோர் உளர். கதை யாது, கருத்து யாது என்று வினவுவரேயன்றி, பனி எவ்வாறு பெய்தது, ஆறு எவ்வாறு ஓடிற்று என்று கேளார். அவர்கள் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா சோவியத் நாட்டில் எடுத்து, 1975-இல் வெளிவந்த ‘தெர்சு உசாலா’வைக் காணவேண்டும். ஆஸ்கார் பரிசு பெற்ற அப்படத்தில் உசூரிக் காட்டை நீக்கிவிட்டால் கதையும் இல்லை, நட்பும் இல்லை.

நிலம் அளக்க வரும் ரஷ்யப் படையதிகாரி ஆர்செனியெவ். பெரியம்மையில் மனைவி மக்களை இழந்து தனியே திரியும் வேட்டுவன் தெர்சு. கல்வி, பதவி, பேச்சு எதிலும் இருவருக்கும் பொருத்தமில்லை. உறைந்த ஹன்கா ஏரிப் பரப்பில் இவ்விருவரும் வழி தவறுகின்றனர். பொழுது சாய்கிறது, சூறைக்காற்று எழுகிறது. நாணலை அறுக்கச் சொல்கிறான் தெர்சு. அறுத்து அறுத்து அதிகாரி சோர்ந்து வீழ்கிறார். அளவைக் கருவியின் முக்காலியை ஊன்றி, நாணலைப் போர்த்தி, அந்தக் குடிலுக்குள் நண்பரை இழுத்துக் காக்கிறான் வேட்டுவன். நிலத்தை அளக்க வந்த கருவி அன்றிரவு கூரை தாங்கிற்று!

இன்னொரு காட்சி. ஆளில்லாக் குடிசையொன்றில் தங்கிய தெர்சு, புறப்படுமுன் அதன் கூரையைச் செப்பனிடுகிறான். சிறிது அரிசியும் உப்பும் தீக்குச்சியும் வைத்துச் செல்ல வேண்டுகிறான். பெயரறியாத எவனோ ஒருவன் பின்னால் வரக்கூடும் அல்லவா? காட்டில் வாழ்பவனுக்கே தோன்றும் அறம் இது. அக்காட்டைப் பார்த்து நாம் அடையும் மகிழ்ச்சியும் இந்த அறத்தைக் கண்டு அடையும் மகிழ்ச்சியும் வேறு வேறல்ல என்பதே என் எண்ணம்.

வினா இதன் பின்னரே பிறக்கிறது. தெர்சுவின் கண்பார்வை மங்குகிறது. நண்பர் அவனைக் கபாரவ்ஸ்க் நகரில் தம் இல்லத்துக்கு அழைத்து வருகிறார். மனைவியும் மகனும் அன்பு பாராட்டுகின்றனர். ஆயினும் தண்ணீரை விலைக்கு விற்பது தெர்சுவுக்கு விளங்கவில்லை. விறகுக்காகப் பூங்காவில் மரம் வெட்டிக் காவலரிடம் அகப்படுகிறான். அடுப்பருகே வாய்மூடி அமர்ந்திருக்கிறான். அன்பினால் ஒருவரை அவருக்குரிய மண்ணிலிருந்து பெயர்த்தெடுப்பது முறையாகுமா?

வேடனும் வேந்தன் மகனும் தோழராவது நமக்குப் புதிதன்று. கம்பன் காட்டும் இராமன் குகனை உடன்பிறந்தானாகவே ஏற்றான். ஆயினும் உடன் வருவேன் என்று அவன் வேண்டியபோது, அவனை அவன் சுற்றத்தாரிடத்தும் கங்கைக் கரையிடத்துமே நிறுத்தினான். அம்மறுப்பில் உள்ள மரியாதையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

புத்தூரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இது ஏட்டு வினா அன்று. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட அவ்வூர், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர். (அங்கே இருமொழியார் நட்பை யாரும் வியப்பதில்லை.) எலும்பு முறிந்தோர்க்குப் புத்தூர்க் கட்டு என்றால் தமிழகம் முழுதும் தெரியும், கைவிரலே அறிந்த கல்வி அது. நகரி மலையின் மூக்குப் பாறையை நாள்தோறும் கண்ட முதியவரை, நோய்க்கும் தனிமைக்கும் அஞ்சி, ஏழாம் மாடிக்கு அழைத்து வருகிறோம். மருந்து வேளைக்குக் கிடைக்கிறது; பேரன் பேத்தியரும் உடன் இருக்கின்றனர். ஆனால் ஊரில் நால்வர் யோசனை கேட்டுவந்த அவரிடம் இங்கே யார் என்ன கேட்கிறார்கள்?

அழைத்தது பிழையென்று நான் சொல்லேன். கண் மங்கிய வேட்டுவனைப் புலிக்காட்டில் தனியே விட்டுவர எந்த நண்பனால் இயலும்? ஆனால், திரும்பிப் போகவேண்டும் என்று தெர்சு கேட்டபோது ஆர்செனியெவ் மறுக்கவில்லை. அந்த இணக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். மங்கிய கண்ணுக்கும் குறி தப்பாதிருக்கட்டும் என்று புதுவகைத் துப்பாக்கி ஒன்றை அன்பளிப்பாகத் தந்து அனுப்புகிறார். அந்தத் துப்பாக்கிக்காகவே எவனோ தெர்சுவைக் கொன்றிருக்கக்கூடும் என்று பின்னர் செய்தி வருகிறது. 1910-இல் அவர் கல்லறையைத் தேடிச் செல்வதோடுதான் படமே தொடங்குகிறது. அங்கே குடியிருப்புக்காகக் காட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடையாளமாய் நின்ற பெருமரங்களையும் காணோம்.