நம்பிக்கையும் உண்மை நோக்கும்

மக்கள் வாழ்க்கை இன்பமுந் துன்பமும் விரவியது. நாளை நிகழ்வது யாது என ஒருவரும் அறியார்; அறியாராயினும், நாளையை நோக்கியே இன்று உழைக்கின்றனர். உழவன் மழையை நம்பி விதைக்கின்றான். ஆசிரியன் மாணவனது வளர்ச்சியை நம்பிப் பயிற்றுகின்றான். நம்பிக்கை இல்வழித் தொழில் இல்லை. ஆயினும், நம்பிக்கையே மக்களைக் கெடுத்தலும் உலகிற் கண்கூடு. 'ஒன்றும் நேராது' என்று இருந்தார்மீது மலை சரிந்ததும் உண்டு. 'ஒன்றும் நடவாது' என்று சோர்ந்திருந்தார் வாயில்வரை வந்த நன்மை மீண்டு போனதும் உண்டு. ஆகலின், நம்பிக்கை வேண்டுமா, உள்ளதை உள்ளவாறு காணும் நோக்கு வேண்டுமா, இரண்டும் வேண்டுமெனின் அவை ஒருவன் நெஞ்சின்கண் ஒருங்கு நிற்றல் யாங்ஙனம் என்பது ஆராயற்பாலது. இளையோர் உள்ளங்களை நாடோறும் கையாளும் ஆசிரியப் பெருமக்களுக்கு, அவருள்ளும் மலைநாட்டுத் தோட்டப் பள்ளிகளில் பணிபுரிவார்க்கு, இவ்வாராய்ச்சி பெரிதும் இன்றியமையாதது.

'இரண்டிற்கும் நடுவே நிற்க. பாதி நம்புக, பாதி ஐயுறுக' என்பார் சிலர். அது பொருந்தாது. பாதி நம்பிக்கையோடு மலையேறுவோன் பாதி வழியில் அமர்ந்துவிடுவான். வழியின் இயல்பைப் பாதியே அறிந்தவன் மற்றைப் பாதியில் இடறி வீழ்வான். இவ்விரண்டும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுக்கள் அல்ல. ஒன்று ஏற மற்றொன்று இறங்குதல் வேண்டுமென்னும் நியதி இல்லை. ஒவ்வொன்றற்கும் உரிய இடம் வேறு. அடையவேண்டிய முடிவு நம்பிக்கைக்கு உரிய இடம்; அதற்குச் செல்லும் வழி உண்மை நோக்கிற்கு உரிய இடம். முடிவைப் பற்றிய உறுதி தளராது நிற்க, வழியைப் பற்றிய அறிவு நாடோறும் திருந்திக்கொண்டே செல்லுமாயின், இரண்டும் முழுமையாக ஒருவன்பால் அமையும். இடம் மாறி நிற்பின் இரண்டும் குற்றமாம். வழியைப் பற்றிய வெறுநம்பிக்கை மயக்கம் எனப்படும். வழியின் இடர் கண்டு முடிவையே கைவிடுதல் மனச்சோர்வு எனப்படும். சோர்வுடையார் தம்மை உண்மை கண்டோர் என்றும், மயக்கமுடையார் தம்மை நம்பிக்கையாளர் என்றும் கூறிக்கொள்ளுதல் உலக வழக்கு. பெயர்கண்டு மயங்காது பொருள்கண்டு தெளிதல் நம் கடன்.

இவ்வேறுபாட்டை நூலினின்று கற்பதற்கு முன், நுவரெலியா, அட்டன் முதலிய இடங்களில் நாம் கண்முன் காணும் தேயிலைச் செடியினின்றே கற்கலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் கவ்வாத்துச் செய்கின்றனர். உயரமிக்க தோட்டங்களில் அவ்விடைவெளி இன்னும் நீளும். நேற்றுவரை பசுங்கொழுந்து தந்த செடி, கத்தி பட்டபின் இலையின்றி வெறுங்கட்டையாய் நிற்கின்றது. அறியாதான் கண்டால், செடி பட்டது என்றே துணிவான். வெட்டினவரோ அது மீண்டும் தளிர்க்கும் என்னும் உறுதியாலேயே வெட்டினர். எனினும், அவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாரல்லர். வெட்டுவதற்கு முன் வேரிலுள்ள மாச்சத்துப் போதுமா என்று பார்த்தல் வேண்டும். வேர்த்துண்டின்மேல் அயோடின் நீர் இட்டால், மாச்சத்து மிக்க வேர் கருநீலமாகும். குறைந்தது அவ்வாறு கறுக்காது. குறைந்ததெனின், கொழுந்து பறித்தலை நிறுத்திச் செடிக்கு ஓய்வளித்த பின்னரே வெட்டுவர். கடும் வறட்சியில் வெட்டார். தளிர்க்கும் என்று நம்புதல் முடிவுபற்றியது. வேரையும் பருவத்தையும் பார்த்தல் வழிபற்றியது. வேரைப் பாராது வெட்டினவன் செடியைக் கொன்றவனாவான். பட்டுவிடுமோ என்றஞ்சி ஒருநாளும் வெட்டாதவன் தோட்டத்தையே முதுமரக் காடாக்குவான்.

இம்மலைகளில் தேயிலைக்கு முன் நின்றது கோப்பி. 1869-ஆம் ஆண்டில் அதன் இலைகளிற் செம்மஞ்சட் பூசணநோய் தோன்றியபோது, அது தானே நீங்கும் என்று எண்ணினார் பலர். இருபதாண்டு கழிவதற்குள் கோப்பித் தொழில் அடியோடு வீழ்ந்தது. ஆனால், நோய் தோன்றுதற்கு ஈராண்டு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை நட்டிருந்தார். பின்னர்த் தொழில் தப்பியது, கோப்பி பிழைக்கும் என்ற வாய்ச்சொல்லால் அன்று. வேறொரு பயிரைச் சிறிதளவில் நட்டுப் பார்த்த கைத்தொழிலால் என்க.

இனி, அட்டன் பக்கத்தார் நன்கறிந்த சிவனொளிபாத மலையை நோக்குவோம். கடல்மட்டத்திற்கு மேல் 2,243 மீட்டர் உயர்ந்த அம்மலையின் முடியிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமான் திருவடியென்றும், பௌத்தர் புத்தர் அடியென்றும், இசுலாமியர் ஆதம் நபியின் அடியென்றும் போற்றுவர். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று ஏறுவார்க்கு 5,000-க்கு மேற்பட்ட படிகள் உள. முதியோரும் நோயுற்றோருங்கூட இரவெல்லாம் ஏறி விடியலிற் கதிரவனைக் காண்கின்றனர். 'அடைவேன்' என்னும் உறுதி இல்லையாயின் முதல் நூறு படியிலேயே அவர் மீண்டிருப்பர். எனினும், அப்புனிதப் பயணத்திற்கும் பருவம் வரையறுத்துள்ளனர் முன்னோர். டிசம்பர்த் திங்களின் நிறைமதி தொடங்கி மே மாதத்து வைகாசி நிறைமதிவரை யாத்திரைக்காலம். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் மூடுபனியும் வந்து வழியை மறைக்கும். திருவடியை நம்பினோர் காற்றையும் மழையையும் எண்ணிப் பருவம் வகுத்தது நம்பிக்கைக் குறைவாமோ? ஆகாது. தாம் அடைய விரும்பியதை மெய்யாக விரும்பினமையால் அன்றோ வழியை ஆராய்ந்தனர்! ஏறத் தெரிந்தோர் மற்றொன்றும் அறிவர்: ஏறுதலினும் இறங்குதலே முழங்காலை வருத்தும், ஆகலின், ஏறும்பொழுதே இறங்குதற்குரிய வலிமையை எஞ்சவைத்தல் வேண்டும். மூச்சு முட்டுங்கால் ஓரிடத்து அமர்தலும், நெஞ்சு நோவு கண்டால் அவ்வாண்டு மீண்டு மறுவாண்டு வருதலும் தோல்வியல்ல. முடிவு கைவிடப்படவில்லை, நாள் மட்டுமே மாறிற்று.

மலைப்பயணம் என்றவுடன் சைவர் நெஞ்சில் எழுவது திருநாவுக்கரசு நாயனார் கயிலை நோக்கிச் சென்ற வரலாறு. சேக்கிழார் பெருமான் உரைக்குமாறு, அவர் கால் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார். கைகள் தேய்ந்தபின் மார்பினால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன், கயிலை மானுடர்க்கு எய்தற்கரியது, மீள்க என்றனன். அடிகள் அதற்கு வழி எளிதென்று மறுமொழி கூறினாரல்லர். தம் உடல் அழிந்துபடும் என்பதை மறைத்தாருமல்லர். அழியும் இவ்வுடலோடு காணாது மீளேன் என்றே உரைத்தார். பின்னர், ஆங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே அக்காட்சியைக் காண்க என்று திருவருள் பணித்தபோது, 'மலையேறியன்றிக் காணேன்' என்று பிணங்கினாருமல்லர். முடிவில் அணுவளவும் நெகிழாதவர், வழி மாறியபோது உடனே மாறினார். நாம் கூறிவந்த வேறுபாடு இதன்கண் விளங்குதல் காண்க.

சைவ சித்தாந்தமும் இந்நெறிக்கு அரணாய் நிற்கின்றது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் உள்பொருள் என்பது அதன் துணிபு. ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றியுள்ளது என்று அது வெளிப்படக் கூறும். துன்பம் வெறுந்தோற்றம், இருள் என்பதொன்று இல்லை என்று கூறி ஆற்றுதல் அதன் முறையன்று. இருளை இருளென்றே கூறி, அவ்விருளினும் அருள் வலியது என்று உரைப்பதே அதன் முறை. 'யாவும் வினைப்பயன், நாம் செய்வது யாதுளது?' என வாளாவிருப்பார்க்கும் அதில் இடமில்லை. திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழை உரைத்தவர், 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், அதனை அடுத்து இடுக்கணழியாமையையும் வைத்தார். அம்முயற்சிக்கு முன்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை நிறுத்தினார். வலியும் காலமும் இடனும் அறியாத முயற்சியை அவர் முயற்சியாகக் கொண்டிலர் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும்.

நிற்க. இதுகாறும் கூறியவை ஒருவன் தன்னைப் பற்றி நம்புதலுக்கு உரியன. பிறரைப் பற்றி நம்புங்கால் வேறோர் அறமும் எழுகின்றது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாட் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் அவ்வேளை பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர்; மீண்டு வந்தவர்க்கு வீடுமில்லை, அவருட் சிலர்க்குப் பெற்றோருமில்லை. அவ்விடம் இடருடையது என 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. இதனை அம்மக்களது அறியாமை என்று கூறிக் கடந்து செல்லுதல் தகாது. காம்பராவை விட்டு எழுந்தால் அடுத்த இரவு தலைசாய்க்கச் சொந்த நிலம் ஒரு சாணும் இல்லாதவர்க்கு, 'ஒன்றும் நேராது' என்பது நம்பிக்கையன்று. வேறு வழியின்மையின் மற்றொரு பெயர். அவ்விடத்து உண்மை நோக்கிற்குக் கடமைப்பட்டவர், வேறிடம் அளிக்கும் ஆற்றலுடையோரே. தன் உயிரைப் பணயம் வைத்து நம்புதல் ஒன்று. பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தான் நம்பியிருத்தல் மற்றொன்று. நாவுக்கரசர் தேய்த்தது தம் உடலையே. பிறர் நலம் காக்கும் பொறுப்புடையோன், தனக்காக நம்புமளவு அவர்க்காக நம்புதல் அறமன்று. அவர்பொருட்டு அஞ்சவேண்டியதை அஞ்சுதலே அறம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளும் இவ்வறத்தை மீண்டும் வற்புறுத்தின.

அங்ஙனமாயின் மலையக மக்கள் நம்புதற்கு யாதுமில்லையோ எனின், உண்டு. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பல்லாயிரம் குடும்பங்கள் கடல் கடந்தன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. இடைப்பட்டவை 55 ஆண்டுகள். 'அடுத்த ஆண்டே கிடைக்கும்' என்று மட்டும் நம்பியிருந்தோர் ஆண்டுதோறும் உள்ளம் உடைந்திருப்பர். 'ஒருநாளும் கிடையாது' என்றோர் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பர். பிறப்புப் பதிவுகளைத் தேடியோரும், விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோரும், 1952-இற் சத்தியாக்கிரகம் இருந்தோரும், பின்வந்த தலைமுறையிற் சங்கங்கள்தோறும் பேசியோரும் நாள் குறியாது முடிவைப் பற்றி நின்றனர். மெய்ந்நம்பிக்கையின் அடையாளம் இதுவே: அது நாளைக் குறிப்பதில்லை, இன்று செய்யவேண்டிய தொழிலைக் குறிக்கின்றது.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பறையில் இவ்வறம் நாடோறும் நம்முன் நிற்கின்றது. 'நீ எண்ணியது யாதாயினும் ஆவாய்' என்று மாணவனிடம் கூறுதல் எளிது. அவன் தேர்விலே தவறியபின் அச்சொல் அவனுக்கு வாளாகும். 'லயத்துப் பிள்ளைக்கு அது எட்டாது' என்பது அதனினும் கொடிது; அது உண்மையைப் போலத் தோன்றினும் பொய்யே. என்னை? அவன் இன்று நிற்கும் இடத்தைக் கூறாது, அவன் எல்லையைக் கூறத் துணிந்தமையால். மூன்றாவதொரு சொல் உண்டு: 'கணிதத்தில் இன்ன பகுதி உனக்கு விளங்கவில்லை, அதனைக் கற்க இத்துணை மாதம் வேண்டும், மாலையில் ஒரு மணி நேரம் யான் உடனிருப்பேன்' என்பது. இச்சொல்லில் குறையும் உள்ளது, வழியும் உள்ளது, கூறுவோன் தன் உழைப்பும் உள்ளது. உடன் உழைக்க ஒருப்படாதவன் பிறர்க்கு நம்பிக்கை கூறுதல் வெறுஞ்சொல்லே.

'உண்மையைக் கேட்டால் இளம்பிள்ளைகள் அஞ்சி ஒடுங்குவரே' எனின், செயலற்ற உண்மை அச்சம் தரும். செயலோடு கூடிய உண்மை துணிவு தரும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவல். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள கலம் ஒன்றைப் பள்ளி முற்றத்தில் மரநிழலும் கூரைநீரும் படாத இடத்தில் வைத்து, நாடோறும் காலையில் மழையளவை மாணவர் அளவுகோலால் அளந்து எழுதுமாறு செய்க. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் சரிவுள்ள இடங்களில் விழிப்பு வேண்டும் என்பதும், 150 மில்லிமீட்டரை எட்டினாலும் ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீட்டர் பெய்தாலும் மழை தொடருமாயின் இடம்பெயர வேண்டும் என்பதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாய்த் தோன்றிய ஊற்று, கலங்கிய பீலிநீர் ஆகியவற்றையும் அவர்க்குக் காட்டுக. இவற்றை அறிந்த சிறுவன் மழைகண்டு நடுங்கான். எப்பொழுது அஞ்சவேண்டும் என்பதை அறிந்தமையால், ஏனை இரவுகளில் அமைதியாக உறங்குவான். தந்தையை எழுப்பவேண்டிய இரவில் எழுப்புவான்.

ஆதலின், நம்பிக்கையையும் உண்மை நோக்கையும் பகையெனக் கொள்ளற்க. மாணவனுக்கு முடிவைக் காட்டுங்கால் தயங்காது காட்டுக. வழியைக் காட்டுங்கால் ஒன்றையும் மறையாது காட்டுக. பிறர் உயிரும் வாழ்வும் நம் சொல்லைச் சார்ந்து நிற்குங்கால் நம் விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளாது வெடித்த சுவரையே சான்றாகக் கொள்க. இம்மூன்றும் கைவரப்பெற்ற ஆசிரியரிடம் பயின்ற பிள்ளைகள், மழையிலும் வெயிலிலும் தம் மலையிலே தலைநிமிர்ந்து வாழ்வர் என்பது ஒருதலை. திருவருள் முன்னிற்பதாக.