கோட்டுக்கு மேலே இருப்பவர்

தாதாபாய் நௌரோஜி 1876இல் இந்தியாவின் வறுமையைப் பற்றிக் கட்டுரை படித்தபோது, ஓர் ஆள் ஓராண்டு உயிரோடிருக்கக் குறைந்தது என்ன செலவாகும் என்று கணக்கிட்டார். 1867-68 விலையில், இடத்துக்குத் தக்கபடி 16 முதல் 35 ரூபாய். கப்பலேறிய கூலிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த உணவு, உடை அளவை அடிப்படையாகக் கொண்டார்; சிறைக் கைதிக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கைதிக்குக் கிடைப்பதுகூட உழைப்பவனுக்குக் கிடைக்கவில்லை என்பது ஆட்சியாளர்மீது அவர் சாட்டிய குற்றம். அந்தத் தொகைக்கு மேலே இருப்பவருக்குக் குறையில்லை என்று அவர் சொல்லவில்லை.

பின்னால் வந்த கணக்குகளில் இந்தப் பொருள் தலைகீழானது. ஆள்பவரைக் கேள்வி கேட்ட எண், ஏழையைக் கணக்கிலிருந்து கழிக்கும் எண்ணாயிற்று. 1962இல் வல்லுநர் குழு ஒன்று ஆளுக்கு மாதம் குறைந்தது 20 ரூபாய் வேண்டும் என்றது. கல்வியும் மருத்துவமும் அதில் சேரவில்லை. அவற்றை அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். 1979இல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று அளவு வைத்தார்கள். அதை ஒட்டி 1973-74க்குப் போட்ட வறுமைக் கோடு, பிறகு விலைவாசியோடு மட்டுமே ஏறியது. பள்ளிக்கும் மருந்துக்கும் ஏழை தன் மடியிலிருந்தே கொடுத்தார். அரசு காப்பாற்றாத வாக்கை நம்பிப் போட்ட கோடு எப்படி நியாயமாகும்? டெண்டுல்கர் தலைமையிலான வல்லுநர் குழு 2009இல்தான் இதைத் திருத்த முனைந்தது. அந்த முறைப்படி 2011-12இல் கோடு கிராமத்தில் ஆளுக்கு மாதம் 816, நகரத்தில் 1,000 ரூபாய், ஏழைகள் 21.9 விழுக்காடு. அதே ஆண்டுக்கு ரங்கராஜன் தலைமையிலான மற்றொரு குழு 972, 1,407 என்றது, ஏழைகள் 29.5 விழுக்காடு ஆனார்கள். ஒன்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏழைகளா இல்லையா என்பதை அளவுகோல்தான் தீர்மானித்தது.

பணம் அளவோடுதான் இருக்கிறது, மிக நலிந்தவரை முதலில் எட்டக் கோடு தாழ்வாக இருக்கட்டும் என்பார்கள். முதலில் யாருக்கு என்று வரிசை வைப்பது சரி. அடுத்து நிற்பவரை ஏழையே இல்லை என்பது பொய். கோட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் முன்னேற்றத்தை எப்படி அறிவது என்ற கேள்விக்கு வலு அதிகம். வறுமை குறைந்ததா என்று பார்க்கப் பழைய கோல் வேண்டும்தான். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இன்று யார் ஏழை என்பது வேறு கேள்வி. லினன் சட்டை இல்லாமல் பண்டைய கிரேக்கர் சுகமாக வாழ்ந்தார்கள், தன் காலத்துக் கூலித் தொழிலாளியோ அது இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான் என்று 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதினார். இன்று கைபேசி எண் கேட்காத அலுவலகம் அரிது. 1973-74இன் செலவுக் கணக்கில் கைபேசி கிடையாது.