கறுப்பு வட்டமும் விதைநெல்லும்



சென்ற மாதம் நம் பங்கு வாலிபன் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நடுவே பெரிய கறுப்பு வட்டம், சுற்றிலும் சில வர்ணக் கட்டங்கள், அவ்வளவுதான். "சுவாமி, இது இயற்கையைப் பற்றிய படமாம்" என்றான். நான் நகைத்தேன். "மரம் எங்கே? ஆறு எங்கே? நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளே இதை வரைவார்களே!" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அவன் விட்டுப்போன புத்தகத்தை வாசித்தபோது, என் நகைப்புக்காக வெட்கப்பட்டேன்.

அப்படத்தை எழுதியவர் எஸ். எச். ரஸா. 1922-ல் மத்தியப் பிரதேசத்து மாண்ட்லா ஜில்லாவில், காடு சூழ்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் வன இலாகா உத்தியோகஸ்தர். காட்டின் இருட்டு அவருக்குச் சிறு வயதில் பெரும் பயம். பொழுது விடிந்தால்தான் நிம்மதி. பள்ளியில் மனம் ஓரிடத்தில் நில்லாத பிள்ளை. ஆசிரியர் ஒருவர் சுவரில் ஒரு புள்ளி இட்டு, "இதையே பார்த்துக்கொண்டிரு" என்று உட்கார வைத்தாராம்.

1950-ல் ரஸா பாரிஸ் நகரம் சென்றார். அங்கே பல்லாண்டுகள் கிராமங்களையும் மாதா கோயில்களையும் நிலக்காட்சிகளையும் எழுதிப் பேர் பெற்றார். ஆனால் அவர் மனம் திருப்தியடையவில்லை. தாய்நாட்டுக்கு மீண்டும் மீண்டும் வந்து போனார். 1980-ஐ ஒட்டி, அந்தப் பழைய புள்ளி அவர் திரையில் கறுப்பு வட்டமாக வந்து அமர்ந்தது. 'பிந்து' என்று அதற்குப் பெயரிட்டார். அது விதை என்றார். எல்லா வர்ணங்களும் அதிலிருந்து பிறக்கும் என்றார். அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தபின் தாயகம் திரும்பி, 2016-ல் காலமானார். மாண்ட்லாவில், தகப்பனாரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது ஒரு கேள்வி. இலையையும் கிளையையும் வரையாமல் விட்டவன், இயற்கையையே விட்டுவிட்டான் என்று சொல்லலாமா?

நம் ஊர் விவசாயி ஒருவரின் உள்ளங்கையில் இருக்கும் விதைநெல்லை எண்ணிப் பாருங்கள். அதில் பயிரின் சாயல் ஏதாவது உண்டா? பட்டணத்துப் பிள்ளைக்கு அது வெறும் மணி. விவசாயிக்கோ அதில் நாற்றங்காலும், மழையும், களத்துமேடும், மகளின் கலியாணமும் தெரிகின்றன. கண் இருவருக்கும் ஒன்றே. மண்ணோடு உள்ள உறவுதான் வேறு. அந்த உறவு ஒரு நாளில் உண்டானதன்று. மரத்தை அப்படியே வரைபவன் அதன் தோற்றத்தைக் காட்டுகிறான். ரஸாவோ காட்டின் இருட்டும் விடியலும் தமக்குள் விட்டுச் சென்றதைக் காட்ட முயன்றார். இரண்டும் இயற்கைக்குச் செய்யும் மரியாதையே.

அப்படியானால், எந்த வட்டத்தைக் கண்டாலும் புகழவேண்டுமோ? வேண்டாம். அந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விதைநெல்லும் பதரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தபின்தானே தெரியும்? என் குற்றம் படத்தை விரும்பாதது அல்ல; பார்க்குமுன்னே தீர்ப்பிட்டது. இக்குற்றத்தை நாம் படங்களுக்கு மட்டுமா செய்கிறோம்? வாசல் வேம்பை, 'குப்பை போடுகிறது' என்று ஒரே பேச்சில் வெட்டச் சொல்கிறோம். அதிகம் பேசாத மருமகளை, 'கர்வக்காரி' என்கிறோம். பாடத்தில் பின்தங்கிய மகனை, 'உதவாக்கரை' என்கிறோம். சர்வேசுரன் சிருஷ்டித்த எதுவும் ஒரே பார்வையில் அளந்துவிடக் கூடியதன்று.

ஆகையால் இவ்வாரம் ஒரு சிறு பிரதிக்கினை செய்வோம். நாள்தோறும் பத்து நிமிஷம், வீட்டருகே உள்ள ஒரு மரத்தின் முன்னாவது செடியின் முன்னாவது பேசாமல் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்குள் போய், நீங்கள் முன்பே தீர்ப்பிட்டு முடித்துவிட்ட அந்த ஒருவரை, இன்னொரு முறை பாருங்கள். நானும் அந்த வாலிபனைக் கூப்பிட்டு, படத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு