தனிவழியும் கற்படுக்கையும்



பண்டு முசிறித் துறையில் இறங்கிய பொருள்கள், பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாடு புகுந்து, சேரர் தலைநகராம் கருவூரை அடைந்தன. அப்பெருவழியில் வணிகர் தனித்துச் சென்றாரல்லர். கள்வர்க்கு அஞ்சிச் சாத்தாகத் திரண்டு சென்றனர். நம் முனிவர்க்கோ கள்வர் கவர்தற்குரிய பொருள் ஒன்றுமில்லை. கையில் மயிற்பீலியும் கமண்டலமும். கண்முன் நான்கு முழ நிலம். சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நோக்கி நடக்கும் இவ்வொழுக்கமே ஈரியா சமிதி எனப்படும்.

கருவூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை உள்ளது. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய முனிவர்க்கு, இளங்கடுங்கோ இளவரசனானபோது உறைவிடம் அமைத்த செய்தி அங்குத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கருவூர்ப் பொன்வணிகன் நத்தியும் அங்கே ஓர் உறைவிடம் அமைத்தான்.

தனித்து நடத்தலே துறவோ எனின், அன்று. தவமும் கல்வியும் மன உறுதியும் நிரம்பியவரே தனித்து உலாவலாம், மற்றையோர் சங்கத்தோடு செல்க என்பது மூலாசாரம் வகுத்த நெறி. ஆகவே, கால் தனித்து நடப்பது பெரிதன்று. உயிரின் தனிமையை உள்ளம் உணர்வதே பெரிது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பன்னிரு சிந்தனைகளுள் நான்காவதாக வைத்த ஏகத்துவ அனுப்பிரேட்சை இதுவே. நோயுற்றான் படுக்கையைச் சுற்றம் சூழ்ந்து நிற்கலாம்; அவன் நோவில் ஓர் அணுவையும் பகிர்ந்துகொள்ள இயலாது. வந்ததும் தனி, வினைப்பயன் நுகர்வதும் தனி, செல்வதும் தனியே.

அங்ஙனமாயின் நத்தி செய்த அறம் வீணோ? வீணன்று. பிறர் வழியை நாம் நடந்து தர இயலாது; நடப்பார்க்கு நிழல் தர இயலும். முனிவரின் வினையை நத்தி குறைக்கவில்லை. பொன்மீது கொண்ட தன் பற்றையே குறைத்துக்கொண்டான்.

இன்று நம் சிற்றூர்களிலிருந்து இளையோர் பலர் பெருநகர் சென்றுவிட்டனர். முனிவர்கள் இன்றும் கால்நடையாகவே விகாரம் செய்கின்றனர். ஊர்திகள் விரையும் நெடுஞ்சாலையில் உடன் நடக்கத் துணை வேண்டும். விதிப்படி ஆகாரம் அளிக்க ஒரு தூய இல்லம் வேண்டும். கல்லைக் குடைந்து படுக்கை அமைத்தவரின் வழியினராகிய நாம், ஒரு பகற்பொழுதேனும் அவருடன் நடத்தல் அரிதோ? வீட்டிலிருக்கும் நாளில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், பேச்சொழிந்து அமர்ந்து, 'யான் தனியன். என் வினையே என்னோடு வரும்' எனச் சிந்தித்தல் அரிதோ?

சிந்திப்போம்; துணை நிற்போம். அறம் வளர்க!